பிட்காயின் நோடுக்கு எவ்வளவு வட்டு வேண்டும்: குமரி மாவட்ட வீடுகளுக்கான வழிகாட்டி

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வீட்டுக் கணினியில் பிட்காயின் கோர் மென்பொருளை நிறுவ விரும்புவோர் முதலில் கேட்பது எத்தனை டெராபைட் வாங்க வேண்டும் என்பதே. அதற்கும் முன்னால் தீர்மானிக்க வேண்டியது நோடு, அதாவது அந்த மென்பொருளால் பிட்காயின் பரிவர்த்தனைகளைத் தானே சரிபார்க்கும் கணினி, எதற்காக என்பது. தம் வாலட்டுக்கு வரும் தொகையைப் பிறரை நம்பாமல் தாமே சரிபார்த்துக்கொள்வது மட்டுமே நோக்கமென்றால் பெரிய வட்டு தேவையே இல்லை.

முதலில் வளர்ச்சிக் கணக்கைப் பார்ப்போம். ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) என்ற விகிதத்தில் நாளொன்றுக்கு 144 பிளாக்குகள் சேர்கின்றன. 2017 ஆகஸ்டில் செக்விட் என்ற விதிமாற்றம் நடைமுறைக்கு வந்த பிறகு ஒரு பிளாக் 1 மெகாபைட்டைத் தாண்ட முடிகிறது. 2023 முதல் படங்களையும் எழுத்துகளையும் பரிவர்த்தனைக்குள் பதிக்கும் வழக்கம் பரவியதால் பிளாக்குகள் மேலும் பருத்தன. சராசரி 1.6 மெகாபைட் என்று கொண்டால் ஆண்டுக்கு 84 கிகாபைட் ஆகிறது. 2024 முடிவிலேயே எல்லாப் பிளாக்குகளும் சேர்ந்து 600 கிகாபைட்டைத் தாண்டிவிட்ட நிலையில், முழு வரலாற்றையும் வைத்திருக்க நினைப்பவர் 1 டெராபைட் வட்டை வாங்கினால் சில ஆண்டுகளில் மறுபடியும் கடைக்குப் போக வேண்டியிருக்கும். 2 டெராபைட்டே சிக்கனம்.

மற்றவர்களுக்கு உரியது கத்தரிப்பு முறை. அமைப்புக் கோப்பில் 'ப்ரூன்=10000' என்று எழுதினால், நோடு எல்லாப் பிளாக்குகளையும் இறக்கிச் சரிபார்த்துவிட்டு, ஏறக்குறைய 10 கிகாபைட்டுக்கு மேற்பட்ட பழையவற்றை அழித்துக்கொண்டே வரும். அனுமதிக்கப்படும் மிகக் குறைந்த அளவு 550, அதாவது 550 மெகாபைட். சரிபார்ப்பில் எதுவும் குறைவதில்லை. ஆனால் எந்தப் பரிவர்த்தனையையும் தேடியெடுக்க உதவும் முழு பரிவர்த்தனைக் குறியீட்டை இதனோடு வைத்துக்கொள்ள முடியாது, அழிக்கப்பட்ட பிளாக்குகளின் காலத்துப் பழைய வாலட்டைச் சேர்த்துத் தேடவும் இயலாது. ஆகவே பழைய வாலட் இருந்தால் அதைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும். செலவாகாத நாணயங்களின் பட்டியலான 'செயின்ஸ்டேட்' தனியாகப் 10 கிகாபைட்டுக்கு மேல் பிடிக்கும்; அதைக் கத்தரிக்க வழியில்லை.

முழு நோடு நடத்துவோர் கையிலுள்ள பழைய ஹார்டு டிஸ்க்கையும் பயன்படுத்தலாம். இடைவிடாமல் படித்து எழுதப்படுவது செயின்ஸ்டேட் என்பதால் அது எஸ்.எஸ்.டி.யில் இருக்க வேண்டும். பிளாக்குகள் மெதுவான வட்டில் இருந்தாலும் குறையில்லை. நோடை நிறுத்திவிட்டு, 'பிளாக்ஸ்' கோப்புறைக்குள் '.டேட்' என முடியும் எல்லாக் கோப்புகளையும் புதிய வட்டில் அதே பெயருள்ள கோப்புறைக்கு நகர்த்தி, அதற்கு மேலுள்ள கோப்புறையின் முகவரியை 'பிளாக்ஸ்டிர்' என்ற அமைப்பில் குறிப்பிட வேண்டும். 'இண்டெக்ஸ்' கோப்புறை பழைய இடத்திலேயே இருக்கட்டும்.

நம் மாவட்டத்தில் வட்டின் அளவைவிடப் பெரிய சிக்கல் மின்சாரம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்கின்றன. ஐப்பசி மாலைகளின் இடிமின்னலைச் சொல்லவே வேண்டாம். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் தரவுத்தளம் பழுதாகலாம். முழு நோடானால் வட்டிலுள்ள பிளாக்குகளைக் கொண்டே தரவுத்தளத்தை மறுபடி கட்டியெழுப்பி ('ரீஇண்டெக்ஸ்' செய்து) மீளலாம். கத்தரித்த நோடோ பழைய பிளாக்குகள் இல்லாமையால் 600 கிகாபைட்டுக்கு மேற்பட்டதை முதலிலிருந்து மறுபடி இறக்க வேண்டியதாகும். எனவே சிறிய வட்டை வாங்கி மிச்சப்படுத்திய பணத்தை யு.பி.எஸ்.ஸில் போடுவதே என் பரிந்துரை. வீட்டு இன்வெர்ட்டரையே நம்புவோர் அதை யு.பி.எஸ். நிலையில் வைத்திருக்க வேண்டும். சாதாரண நிலையில் அது மாறும் கணநேரத்தில் கணினி அணைந்துவிடக்கூடும். பேட்டரி நன்றாக உள்ள பழைய மடிக்கணினி இவ்விரண்டையும்விட எளிய தீர்வு. எல்லாப் பிளாக்குகளையும் இறக்கிச் சரிபார்க்கும் முதல் ஒத்திசைவை விரைவுபடுத்த, தரவுத்தளத்துக்கு நினைவகத்தில் ஒதுக்கும் இடமான 'டிபிகேஷ்' அளவை உயர்த்தச் சொல்வார்கள். திடீரென அணைந்தால் நினைவகத்தில் தேங்கிய வேலை வீணாகும் என்பதால், மின்காப்பு இல்லாதவர் அதை இயல்பான அளவிலேயே விடுவது நல்லது.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். சன்னலோரத்தில் கணினியை வைக்காதீர்கள்.

கத்தரித்த நோடை மாதம் ஒருமுறை முறையாக நிறுத்தி, அது முழுவதும் நின்றதை உறுதிசெய்த பின், கோப்புறை முழுவதையும் வெளிவட்டில் படியெடுத்து வையுங்கள். 30 கிகாபைட்டுக்குள் அடங்கும் அந்தப் படியிலிருந்து, பழுது நேர்ந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நண்பரிடமிருந்து செயின்ஸ்டேட்டைப் பெற்றுப் போட்டுக்கொள்வது வேறு: அப்போது அவருடைய சரிபார்ப்பை நம்புகிறீர்கள், உங்களுடையதை அல்ல. அவரிடம் பிளாக்குகளை மட்டும் வாங்கி 'ரீஇண்டெக்ஸ்' செய்தால் இணையச் செலவும் மிச்சம், சரிபார்ப்பும் உங்களுடையதாகவே இருக்கும்.

இணையத் திட்டத்துக்கு மாத வரம்பு இருப்பவர், பிறருக்குப் பிளாக்குகளை அனுப்புவதில் அது கரையாதிருக்க 'மேக்ஸ்அப்லோடுடார்கெட்' அமைப்பில் நாளொன்றுக்கான அளவை மெகாபைட்டில் குறிப்பிடலாம்; வெளியிலிருந்து வரும் இணைப்புகளையே ஏற்க விரும்பாதவர் 'லிசன்=0' என்று எழுதினால் போதும்.