பவளம் வெளுத்தால் முதலில் சதையைப் பாருங்கள்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் பவளம் வெள்ளையாகிவிட்டதே என்று பதறி மருந்து ஊற்றியே பல பவளங்கள் சாகின்றன. ஊற்றுவதற்கு முன் ஒரு கேள்வி: வாடுவது ஒன்றா, எல்லாமா? தொட்டி முழுக்கச் சுருங்கியிருந்தால் கோளாறு தண்ணீரில். ஒன்று மட்டும் என்றால் அது இருக்கும் இடம், அண்டைப் பவளம், பூச்சி ஆகியவற்றைச் சந்தேகியுங்கள்.

தண்ணீரில் முதலில் உப்பு: 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு). உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பி.பி.டி. கரைசல் கொண்டே சரிபாருங்கள். வெறும் நன்னீரில் பூஜ்யம் காட்டுகிற கருவி கடல்நீரில் தப்பாகக் காட்டலாம். பிறகு வெப்பம் 25–26 டிகிரி செல்சியஸ், ஆல்கலினிட்டி (நீரின் காரத்தன்மை) 8–9 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு).

அடுத்து, பம்பை நிறுத்தி விளக்கை வெள்ளை ஒளிக்கு மாற்றுங்கள். நீல ஒளியில் நோய்கூட அழகாகத்தான் தெரியும். பக்கவாட்டில் டார்ச் லைட் அடித்து, வெளுத்த இடத்தை உற்றுப் பாருங்கள். பவளத்தின் சுண்ணாம்புக் கூட்டின்மேல் ஈரக் கண்ணாடித்தாள் போல மெல்லிய சதை பளபளக்கிறதா? அப்படியானால் பவளம் உயிரோடு இருக்கிறது. சதைக்குள் இருந்து அதற்கு உணவு தந்த நுண்பாசியைத்தான் இழந்திருக்கிறது. திடீரென்று கூட்டிய ஒளி, ஏறிய வெப்பம், நைட்ரேட், பாஸ்பேட் என்ற சத்துகள் பூஜ்யத்தில் கிடப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள். ஒளியைப் பாதியாக்கி, மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

சதையே இல்லாமல் சொரசொரவென்று வெறும் கூடு தெரிந்தால் அது சதை உரிதல். சில நாளில் அந்த இடத்தில் பச்சைப் பாசி படியும். இங்கே எங்கிருந்து தொடங்கியது என்பதுதான் துப்பு. அடியிலிருந்து மெல்ல ஏறினால் பெரும்பாலும் ஆல்கலினிட்டி ஏறி இறங்குகிறது. நான்கு நாள் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். நாளுக்கு 1 டி.கே.எச்.-க்கு மேல் ஆடினால் அதை நிலைப்படுத்துவதே மருந்து. நுனியில் மட்டும் சதை உரிந்தால், சத்துக் குறைந்த நீரில் ஆல்கலினிட்டி 10–11 வரை போயிருக்கலாம். வளரும் நுனி வெளிறியிருப்பது இயல்பு, அதில் சதை இருக்கும். ஒரு பக்கம் மட்டும் என்றால் விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கேலக்ஸியா போன்ற அண்டைவீட்டுப் பவளம் இரவில் கொட்டும் கைகளை வெகுதூரம் நீட்டும்.

கிளைகிளையாக வளரும் அக்ரோபோரா பவளத்தில் வட்ட வட்டமாக வெளிர்புள்ளிகள் இருந்தால் தட்டைப்புழு கடித்திருக்கிறது. டிப் மருந்து (பவளத்தை வெளியே எடுத்து முக்கும் மருந்துக்கரைசல்) புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அடியில் ஒட்டிய பழுப்பு முட்டைகளைச் சுரண்டி எடுத்து, வாரம் ஒருமுறை டிப்பைத் தொடருங்கள்.

இரண்டுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் சதை உதிர்ந்துகொண்டே போனால், எல்லைக்கு அப்பால் நல்ல பகுதியில் 1 செ.மீ. உள்ளே தள்ளி வெட்டித் தனியே வையுங்கள். பல தலைகளாக வளரும் ஹாம்மர் பவளத்தில் சதையை அழிக்கும் பழுப்புக் கூழ் கண்டால் பம்பை நிறுத்தி, கூழைக் குழாயால் உறிஞ்சி, அந்தத் தலையை அகற்றுங்கள். பம்ப் ஓடினால் கூழ் அடுத்த தலைக்குப் போகும்.

தோல்பவளம் (கடினக் கூடு இல்லாத மென்பவளம்) மெழுகு பூசியதுபோல ஒரு வாரம் மூடிக் கிடந்தால் நோயல்ல. அது மேல்தோலை உரிக்கிறது.

மற்றபடி ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தினமும் ஒரே கோணத்தில் படம் எடுத்து வெளுப்பின் எல்லையை ஒப்பிடுங்கள். நகரவில்லை என்றால் கையை வைக்காதீர்கள்.