புயலைக் காற்றை மட்டும் வைத்து எடைபோடும் தவறுகள்

புயல் என்றதும் பலருக்கும் காற்றின் வேகமே முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனால் வெப்பமண்டலப் புயல்களில் காற்றைவிட அதிகமான உயிர்களைப் பறிப்பது நீரே. அந்த நீரோ காற்று வருவதற்கு முன்பே வரலாம், காற்று ஓய்ந்த பிறகும் பல நாட்கள் நிற்கலாம். காற்று வீசும் சில மணி நேரத்தையே புயலின் முழு ஆயுள் என்று எண்ணிக்கொள்வதிலிருந்துதான் நிலத்திலும் நீரிலும் நேரும் தவறுகளில் பெரும்பகுதி பிறக்கிறது.

புயலின் வகை எண்ணை ஆபத்தின் அளவாக எடுத்துக்கொள்வது இவற்றுள் முதலாவது. அட்லாண்டிக் சூறாவளிகளை 1 முதல் 5 வரை வகைப்படுத்தும் சஃபிர்-சிம்ப்சன் அளவுகோல் காற்றின் வேகத்தை மட்டுமே கணக்கில் கொள்கிறது. மழையின் அளவோ, கடல் எவ்வளவு உயரும் என்பதோ அந்த எண்ணுக்குள் இல்லை. 2008 செப்டம்பரில் ஐக் சூறாவளி டெக்சாஸ் கரையைக் கடந்தபோது அது 2ஆம் வகைப் புயல்தான். ஆயினும் அதன் பரப்பு மிக அகன்றிருந்ததாலும் அங்குள்ள கடலடி ஆழமின்றிச் சரிந்திருந்ததாலும், பொலிவர் தீபகற்பத்தின் சில பகுதிகளில் கடல்நீர் ஏறத்தாழ 4.5 முதல் 6 மீட்டர் வரை உயர்ந்து வீடுகளை வரிசை வரிசையாகத் துடைத்துச் சென்றது. ஆகவே அறிவிப்பைக் கேட்பவர் வகை எண்ணோடு நின்றுவிடாமல், நீர் எவ்வளவு உயரும், தாம் இருக்கும் இடம் அந்த உயரத்துக்கு மேலே இருக்கிறதா என்பதையும் தேடிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, புயலின் கண் கடக்கும்போது ஏற்படும் அமைதியை முடிவென்று நம்பி வெளியே வருவது. அந்த அமைதி சில நிமிடங்களும் நீடிக்கலாம், ஒரு மணி நேரமும் நீடிக்கலாம். அதன் பின் காற்று எதிர்த்திசையிலிருந்து அதே மூர்க்கத்துடன் திரும்பும். முன்பு ஒரு பக்கம் சாய்ந்து தளர்ந்திருந்த மரமும் கூரையும் விழுவது பெரும்பாலும் அப்போதுதான். புயல் உண்மையாகவே கடந்துவிட்ட பிறகும் மின்னாக்கியை (ஜெனரேட்டரை) வீட்டுக்குள்ளோ சன்னலோரத்திலோ வைத்து இயக்கி, நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு வாயுவால் உறக்கத்திலேயே இறப்பவர்கள் உண்டு. அது வீட்டுக்கு வெளியே, கதவு சன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளியே ஓட வேண்டும். வெள்ளத்தையும் கண்ணால் அளந்து நம்பக் கூடாது. வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழத்திலேயே வளர்ந்த ஒருவரைத் தள்ளிவிடும். 30 சென்டிமீட்டரில் பல கார்கள் மிதக்கத் தொடங்கிவிடும்.

நீர்வழிப் பயணத்தில் இதே தவறு வேறு உருவில் வருகிறது. வானிலை அறிக்கையில் அலை உயரம் 3 மீட்டர் என்றிருந்தால், அதற்கு மேல் அலை எழாது என்று பலர் பொருள்கொள்கின்றனர். அங்கே சொல்லப்படுவது பொதுவாக அலைகளில் உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரி மட்டுமே. அதே கடலில் ஏறக்குறைய இரு மடங்கு உயரமான அலை இடையிடையே எழுவது இயல்பானதே. 1995 ஜனவரி 1 அன்று வட கடலில் உள்ள டிராப்னர் எரிவாயு மேடையில் இந்தச் சராசரி ஏறத்தாழ 12 மீட்டராக இருந்த வேளையில், 25.6 மீட்டர் உயர அலை ஒன்று கருவியில் பதிவானது. காற்றின் எண்ணும் இத்தகையதே. அறிவிக்கப்படும் வேகம் சராசரி, இடையிடையே வரும் வீச்சு அதைவிட மிகுதி. அதோடு வேகம் இரு மடங்கானால் காற்று தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

உள்ளூரில் காற்றே இல்லாதபோது கடலை நம்புவது இன்னொரு தவறு. தொலைவில் எழுந்த புயலின் நீள அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, நீல வானத்தின் கீழ் கரையைத் தாக்கக்கூடும். கள்ளக்கடல் என்ற சொல் இதைத்தான் குறிக்கிறது. திருடனைப்போல் சொல்லாமல் வருவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. காற்று நின்ற மறுநாளே பாறைமேல் நின்று அலையை வேடிக்கை பார்ப்பவர்களை இழுத்துச் செல்வதும் இந்த நீள அலைகளே.

கடலில் இருக்கும்போது வானிலை கெட்டுவிட்டால், எப்படியாவது துறைமுகத்துக்குள் நுழைந்துவிட வேண்டும் என்ற பதற்றம் வரும். பல நேரங்களில் அந்த நுழைவாயிலே மிகவும் ஆபத்தான இடம். முகத்துவாரத்தின் ஆழங்குறைந்த மணல்திட்டில், கடல் வற்றும்போது வெளியேறும் நீரோட்டம் உள்ளே வரும் அலையை எதிர்கொள்ளும்போது, அலைகள் நெருங்கிச் செங்குத்தாகி உடைகின்றன. பின்னாலிருந்து வரும் அத்தகைய அலை படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், மாறும்வரை ஆழ்நீரில் படகின் முன்முனையான அணியத்தை அலைக்கு நேராக வைத்துக் காத்திருப்பது மனத்துக்குக் கடினம்தான், ஆனால் படகுக்கு அதுவே பெரும்பாலும் நல்லது.

படகை அவசரப்பட்டுக் கைவிடுவதும் இதே பதற்றத்தின் விளைவே. 1979 ஆகஸ்டில் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் போட்டியில் சென்ற 303 படகுகளைப் புயல் பிடித்தது. போட்டியாளர்கள் 15 பேர் இறந்தனர். 24 படகுகளை அவற்றின் குழுவினர் விட்டு வெளியேறினர், ஆனால் அவற்றுள் மூழ்கியவை 5 மட்டுமே. உயிர்காப்பு மிதவைகளுக்கு மாறியவர்களில் சிலர் மாண்டுபோக, அவர்கள் விட்டுவந்த படகு மிதந்துகொண்டிருந்தது. மிதவைக்குள் இறங்கிப் போகாதே, ஏறிப் போ என்று மாலுமிகள் சொல்வது இதனால்தான்: படகு கால்களுக்குக் கீழே அமிழும் வரை அதுவே பாதுகாப்பான இடம்.

உயிர்காப்புச் சட்டையைத் தேவைப்படும்போது அணியலாம் என்று வைத்திருப்பதைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. குளிர்நீரில் விழுந்தவர் முதல் ஒரு நிமிடம் தம் மூச்சைக்கூடக் கட்டுப்படுத்த முடியாமல் திணறுவார். அந்நிலையில் எந்த வாரையும் எவராலும் கட்ட முடியாது.

விலங்குகளின் விஷயத்தில் மனிதர் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இரக்கத்தால் விளைபவை. அவை தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் என்பது பாதி உண்மைதான். 2001இல் ஃபுளோரிடாவை கேப்ரியேல் புயல் நெருங்கியபோது, ஆழமற்ற விரிகுடா ஒன்றில் கண்காணிக்கப்பட்டுவந்த இளம் கருமுனைச் சுறாக்கள் காற்றழுத்தம் குறைந்ததுமே ஆழ்நீருக்கு வெளியேறிவிட்டன. இப்படி விலகிச்செல்ல முடியாதவையும் உண்டு. நாள்கணக்கில் கொந்தளிக்கும் கடலில் இரை பிடிக்க முடியாத கடற்பறவைகள் மெலிந்து, புயல் போன பிறகே கரையில் ஒதுங்குகின்றன. அவற்றைத் தூக்கி மீண்டும் கடலில் விடுவது, பசித்துச் சோர்ந்த உயிரைத் திரும்பவும் அதே அலைக்குள் எறிவதாகும். வாயில் நீரோ உணவோ திணிக்காமல், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாகவும் அமைதியாகவும் வைத்து வனவிலங்கு மீட்பாளர்களை அழைப்பதே உதவி. கரையொதுங்கிய டால்பினை வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது; ஆட்கள் வரும்வரை அதன் மூச்சுத்துளைக்குள் நீர் புகாமல் பார்த்துக்கொண்டு உடலை ஈரமாக வைத்திருக்கலாம். மணலில் படுத்திருக்கும் கடல்நாய் பல வேளைகளில் ஓய்வெடுக்கவே வந்திருக்கும், அதை நெருங்கினால் களைப்போடு கடலுக்குள் ஓடும். அலை அரித்து வெளித்தள்ளிய ஆமை முட்டைகளைப் புதிய குழி தோண்டிப் புதைக்க முனைவதும் பெரும்பாலும் பலன் தராது. ஓட்டின் உட்புறம் ஒட்டி வளரும் கரு, முட்டை புரண்டாலே இறந்துவிடக்கூடும் என்பதால், அவற்றை அசைக்காமல் இடத்தை மட்டும் குறித்துவைத்து அனுமதி பெற்ற பாதுகாவலர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.