அனஸ்தாசிஸ்: எங்கெல்லாம் தப்பாகப் படிக்கிறோம்

விவிலியத்தில் ‘உயிர்த்தெழுதல்’ என்று நாம் மொழிபெயர்க்கும் அனஸ்தாசிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குள் சாவும் இல்லை, உயிரும் இல்லை. ‘அனா’ என்றால் மேலே, ‘ஸ்தாசிஸ்’ என்றால் நிற்றல். எழுந்து நிற்பது, அவ்வளவுதான். நம் ‘உயிர்த்தெழுதல்’ என்ற சொல்லில் பின்பாதி மட்டுமே கிரேக்கத்தில் இருக்கிறது. ‘உயிர்த்து’ என்பது நாம் பொருள் விளங்கச் சேர்த்துக்கொண்டது.

இதை மறந்து, இந்த வேர் வரும் இடமெல்லாம் மரித்தவர் எழுவதாகப் படிப்பதுதான் பெரிய தவறு. சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்த லேவி, இயேசு கூப்பிட்டதும் ‘எழுந்து’ பின்னால் போகிறார் (மாற்கு 2:14). அங்கேயும் இதே வேரில் பிறந்த வினைதான். வேலையைப் போட்டுவிட்டு எழுந்தார், வேறொன்றும் இல்லை. பழைய கிரேக்கத்தில் ஒரு ஊர் மக்களைக் கிளப்பி வெளியேற்றுவதற்கும் அனஸ்தாசிஸ் என்றே சொன்னார்கள்.

சரி, அப்படியானால் மரித்தோர் எழுவது என்ற பொருளைக் கிறிஸ்தவர்கள்தான் கொடுத்தார்களா? அதுவும் இல்லை. கி.மு. 458-ல் ஏதென்ஸில் அரங்கேறிய, கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸின் நாடகத்தில், அந்நகரின் நீதிமன்றமான அரயோப்பாகுவின் முன் அப்பல்லோ தெய்வம் பேசுகிறான்: மனிதனின் இரத்தத்தை மண் குடித்துவிட்டால், அப்புறம் செத்தவனுக்கு அனஸ்தாசிஸ் கிடையாது. பொருள் அப்போதே இருந்தது, ‘இல்லை’ என்று மறுப்பதற்காக. ஐந்நூறு ஆண்டுக்குப் பிறகு அதே அரயோப்பாகுவில் கிறிஸ்தவ அப்போஸ்தலர் பவுல் ‘உண்டு’ என்கிறார். சிலர் கேலி செய்ததில் வியப்பில்லை. சொல் பெண்பால் என்பதால், இயேசு ஒரு தெய்வம், அனஸ்தாசிஸ் இன்னொரு தேவி என்று ஏதென்ஸ்காரர்கள் நினைத்துக்கொண்டதாகப் பழைய திருச்சபைத் தந்தை யோவான் கிறிசோஸ்தோம் விளக்குகிறார். சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதில் நாம் முதல் ஆள் இல்லை!

மயக்க மருந்தின் ‘அனஸ்தீசியா’வை இதன் உறவாக நினைப்பவர்களும் உண்டு. அங்கே இருப்பது இன்மையைக் குறிக்கும் ‘அன்’; உணர்வின்மை என்று பொருள். அனஸ்தாசியா என்ற பெண் பெயர்தான் உண்மையான உறவு.

கடைசியாக ஓவியம். கிழக்கத்தியத் திருச்சபைகளின் படங்களில் ‘அனஸ்தாசிஸ்’ என்று எழுதியிருந்தால், கல்லறையிலிருந்து வெளியே வரும் கிறிஸ்துவை அதில் தேடாதீர்கள். இஸ்தான்புல்லில் இப்போது மசூதியாக உள்ள பழைய கோரா ஆலயத்தில் 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சுவரோவியம் ஒன்று இருக்கிறது. காலடியில் பாதாளத்தின் உடைந்த கதவுகள், சிதறிக் கிடக்கும் பூட்டுகள், சாவிகள். கிறிஸ்து ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார். ஒரு கையில் ஆதாமின் மணிக்கட்டு, மறுகையில் ஏவாளின் மணிக்கட்டு. கல்லறையிலிருந்து எழுந்து நிற்கப்போவது அவர்கள் இருவரும்தான்.