சின்ன சப்வூஃபர் வாங்குறீங்களா, முதல்ல பெட்டியைத் திருப்பி பின்பக்கம் பாருங்க

ரெண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், ஒரு ஸ்டீரியோ ஆம்ப், 12 அடிக்கு 10 அடி ஹால், இதோட ஒரு சின்ன சப், அதாவது பேஸுக்குன்னே தனியா இருக்குற சப்வூஃபர் பெட்டி, சேர்க்கணும், பட்ஜெட்டும் எகிறக் கூடாது. இந்த நிலைமையில இருக்குறவங்க கடைக்குப் போனதும் கேக்குறது ரெண்டே கேள்வி தான், எத்தனை இன்ச், எவ்ளோ வாட்ஸ். ரெண்டும் முன்பக்கக் கேள்வி. உங்க ஆம்ப்போட அது சேருமா, பாட்டோட ஒட்டுமான்னு தெரியணும்னா பின்பக்கம் பாருங்க.

முதல்ல சப் எதுக்குன்னு பாத்துக்கலாம். 5 இன்ச் வூஃபர் இருக்குற புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் பெரும்பாலும் 55, 60 ஹெர்ட்ஸ் (ஒரு நொடிக்கு இத்தனை அதிர்வு, நம்பர் குறையக் குறைய பேஸ் ஆழம்) வரைக்கும் தான் தெம்பா இறங்கும், அதுக்குக் கீழ சட்டுனு அடங்கிடும். நாலு கம்பி பேஸ் கிட்டார்ல அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்தக் கம்பியில வாசிக்கிறது உங்க ஸ்பீக்கர்ல கேக்காமலே போயிடாது, மேல இருக்குற ஹார்மோனிக்ஸை, அதாவது அதோட கூடவே வர்ற மேல் அதிர்வுகளை வெச்சே நம்ம காது சுரத்தைப் புடிச்சிக்கும், ஆனா கனம் இருக்காது. அந்தக் கனத்துக்குத் தான் சப். ஆக பாட்டு கேக்குறவங்களுக்கு வேணுங்கறது 60ல இருந்து 30 வரைக்கும், அந்த ஒரு ஆக்டேவ் (ஹெர்ட்ஸ் பாதியா குறையுற தூரம்) சுத்தமா வரணும், அவ்ளோ தான். 20 ஹெர்ட்ஸ்ல வீட்டை உலுக்குறது சினிமா பாக்குறவங்க தேவை, அதுக்குப் பெரிய பெட்டியும் பெரிய காசும் வேணும்.

சின்ன பெட்டி, ஆழமான பேஸ், குறைஞ்ச பவர்ல நல்ல சத்தம், இந்த மூணுல ரெண்டு தான் கிடைக்கும், மூணாவதை விட்டுத் தான் ஆகணும். இது கேஎல்ஹெச்ங்கற ஸ்பீக்கர் கம்பெனியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஹாஃப்மேன் போட்டு வெச்ச கணக்கு, இன்னிக்கு வரைக்கும் யாராலயும் மாத்த முடியல. கேஇஎஃப் கேசி62னு ஒரு குட்டி சப் இருக்கு, ஆறரை இன்ச் டிரைவர் ரெண்டு, அந்தச் சின்ன பெட்டியில ஆழம் கொண்டு வர்றதுக்கு உள்ள 1000 வாட்ஸ் ஆம்ப் வெச்சிருக்காங்க, விலையும் அதுக்கு ஏத்த மாதிரி தான். அதனால கையடக்கமா ஒரு பெட்டி, கம்மி விலை, "20 ஹெர்ட்ஸ்"னு ஸ்டிக்கர் வேற ஒட்டியிருந்தா நம்பாதீங்க, சத்தம் எத்தனை டிபி (டெசிபல்) குறைஞ்ச இடத்துல அந்த 20னு கேளுங்க. பிஎம்பிஓ வாட்ஸ், அதாவது விளம்பரத்துக்கு ஊதிப் பெருக்கின நம்பர், போட்டிருந்தா கண்டுக்கவே வேணாம், தொடர்ந்து குடுக்குற பவரைக் காட்டுற ஆர்எம்எஸ் மட்டும் பாருங்க.

சீல்டா போர்ட்டான்னு கேட்டா, சின்ன ஹால்ல பாட்டுக்கு நான் சீல்டு தான் சொல்வேன். ஓட்டை இல்லாத பெட்டி கீழ போகப் போக ஆக்டேவுக்கு 12 டிபி மாதிரி மெதுவா இறங்கும், சின்ன ரூம் அதே இடத்துல கொஞ்சம் தூக்கிக் குடுக்கும், ரெண்டும் சேர்ந்து இயல்பா வரும். போர்ட், அதாவது காத்து போய் வர்ற ஓட்டை, வெச்சது டியூன் பண்ண இடம் வரைக்கும் நல்லா கத்தும், அதுக்குக் கீழ 24 டிபி, மளமளன்னு விழுந்துடும். ஆனா கம்மி விலையில கிடைக்குறது பாதிக்கு மேல போர்ட் தான், அதுக்காக ஒதுக்கிட வேணாம், ரொம்ப பூம்னு இருந்தா போர்ட்டுக்குள்ள ஸ்பாஞ்சை உருட்டி அடைச்சுப் பாருங்க, நிறைய அடங்கும்.

இப்ப பின்பக்கம். உங்க ஆம்ப்ல சப் அவுட் இருந்தா ஒரு ஆர்சிஏ கேபிள் போதும், வேலை முடிஞ்சது. பழைய ஸ்டீரியோ ஆம்ப் நிறையத்துல அது இருக்காது, அப்ப சப்ல ஹை லெவல் இன்புட், அதாவது ஸ்பீக்கர் ஒயரையே நேரா மாட்டுற டெர்மினல், கட்டாயம் இருக்கணும். போல்க் பிஎஸ்டபிள்யூ10 மாதிரி விலை கம்மியான 10 இன்ச் மாடல்லயே இது இருக்கு, ஆர்இஎல் டி/5எக்ஸ் மாதிரி விலை கூடினதுல அவங்க சிபாரிசு பண்ற கனெக்‌ஷனே இது தான். ஒரு விஷயம் மட்டும் ஜாக்கிரதை, இப்ப வர்ற குட்டி கிளாஸ் டி ஆம்ப் பலதுல ஸ்பீக்கர் மைனஸ் முனை கிரவுண்டு கிடையாது, சப்புக்குள்ள லெஃப்ட் ரைட் மைனஸ் ரெண்டும் ஒண்ணா சேர்ந்திருந்தா ஆம்ப் அவுட்டே போயிடும், ரெண்டு மேனுவலையும் படிச்சுட்டு தான் ஒயரைத் தொடணும்.

கிராஸ்ஓவர் திருகு, அதாவது எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழ சப் வாசிக்கணும்னு வைக்கிறது, 50, 60 வரைக்கும் இறங்கணும், கெயின், அதாவது சப்போட சத்தத் திருகு, தனியா இருக்கணும், கோன் அசையுற திசையை நேரெதிரா மாத்துற ஃபேஸ் 0/180 சுவிட்ச் இருக்கணும். பவர் சுவிட்ச்ல ஆட்டோ மட்டும் இல்லாம ஆன்னும் இருக்கான்னு பாருங்க, ராத்திரி மெதுவா பாட்டு கேக்கும்போது ஆட்டோல இருக்குற சப் சிக்னல் பத்தாம நடுப் பாட்டுல தூங்கிடும். அப்புறம் வோல்டேஜ், அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரங்க கொண்டு வர்றது 115க்குன்னே செஞ்சதா இருந்தா நம்ம 230ல போட்ட உடனே போயிடும், லேபிளைப் படிக்காம பிளக் போடாதீங்க.

வீட்டுக்கு வந்ததும் மூலையில தள்ளிடாதீங்க. மூலையில சத்தம் கூடும், ஆனா எல்லா சுரமும் ஒரே மாதிரி கூடாது. 12 அடி நீள ரூம்ல 47 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு வீக்கம் இருக்கும், பேஸ் கிட்டார் படிப்படியா இறங்கி வரும்போது அந்த ஒரு சுரம் மட்டும் பூம்னு எழுந்து நிக்கும், பக்கத்துல இருக்குற சுரம் காணாம போயிடும். இதுக்கு வழி, சப்பைத் தூக்கி நீங்க உக்கார்ற இடத்துல வெச்சு, பேஸ் ஏறி இறங்குற ஒரு பாட்டை ஓட விட்டு, செவுத்தோரமா முட்டி போட்டு நகர்ந்து கேளுங்க. எந்த இடத்துல எல்லா சுரமும் சமமா கேக்குதோ அங்க சப்பை வைங்க. ஒரு அடி தள்ளினாலே வித்தியாசம் தெரியும்.

அப்புறம் கிராஸ்ஓவரை 60ல வெச்சு, நீங்க உக்கார்ற இடத்துல உக்காந்துக்கிட்டு வேற யாரையாவது ஃபேஸ் சுவிட்சை மாத்தச் சொல்லுங்க, எதுல பேஸ் நிறைவா கேக்குதோ அது சரி. கெயினை ஜீரோல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, சத்தம் சப் பெட்டியில இருந்து வருதுன்னு காது காட்டிக் குடுக்குற வரைக்கும் போயிட்டு அங்கிருந்து ஒரு படி குறைங்க. ஏவி ரிசீவர், அதாவது சினிமாவுக்குப் பல ஸ்பீக்கரை ஓட்டுற ஆம்ப், வெச்சிருந்தா கதை வேற, கிராஸ்ஓவரை ரிசீவர்லயே 80 வெச்சுட்டு சப்ல இருக்குற கிராஸ்ஓவரை முழுசா ஏத்தி விட்டுடணும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க கோனைச் சுத்தி இருக்குற வளையத்தைத் தொட்டுப் பாருங்க, ஃபோம் வளையம்னா நம்ம ஊரு ஈரக்காத்துல உதிர ஆரம்பிச்சிருக்கும், ரப்பர்னா பயம் இல்ல. கோனை ரெண்டு பக்கமும் சமமா மெதுவா அழுத்துங்க, சரசரன்னு உரசுற சத்தம் வந்தா காயில் போயிருக்கு. சிக்னல் கேபிள் எதுவும் மாட்டாம ஆன் பண்ணி கெயினை ஏத்துங்க, அப்பவே உர்ர்னு ஹம் வந்தா உள்ள இருக்குற ஆம்ப்ல கோளாறு, அதை ரிப்பேர் பண்ற செலவுக்குப் புதுசே வாங்கிடலாம்.