மேலே ஈரம், அடியில் தூசி: பயோஃபில்டர் கட்டிப் பராமரிக்கும் முறை

கழிவுநீரேற்று நிலையத்தில் கிளம்பும் நாற்றக் காற்றைச் சுத்தம் செய்யும் பயோஃபில்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் பாக்டீரியா குடியிருக்கும் மரச்சிப்புக் குவியலைப் படுக்கை என்போம். முதல் படுக்கையை நானேதான் கொன்றேன். மேலே தினமும் தண்ணீர் தெளித்தேன். கை வைத்தால் சொதசொதவென்றுதான் இருந்தது. ஆனாலும் நாலாம் மாதம் அழுகிய முட்டை வாடை திரும்பிவிட்டது. தோண்டினால் மேலே ஒரு சாண்தான் ஈரம். அடியில் மரச்சிப்பு மொறமொறவென்று கிடந்தது. தட்டினால் தூசி பறந்தது.

காற்று நுழைவது அடியில். அது வறண்டு வந்தால் முதலில் தொடும் அடுக்கைத்தான் காயவைக்கும். பாக்டீரியா வாழ்வதோ சிப்பின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில். வாயு அந்த நீரில் கரைந்தால்தான் அவற்றுக்குச் சாப்பாடு. அழுகிய முட்டை வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு கந்தக அமிலமாகவும், அமோனியா நைட்ரேட்டாகவும் மாறுவது அங்கேதான். படலம் காய்ந்தால் உங்களிடம் இருப்பது வெறும் மரக்குவியல்.

அதனால் படுக்கைக்கு முன்னால் ஈரமூட்டும் அறை ஒன்று வையுங்கள். நுண்துளி தெளிக்கும் நாசில்கள் போதும். அதை, காற்றைத் தள்ளும் விசிறியான ப்ளோயருக்கு அடுத்து வைக்க வேண்டும், முன்னால் அல்ல: ப்ளோயர் காற்றைச் சூடாக்கும், சூடானதும் ஒப்பு ஈரப்பதம் (அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது) இறங்கிவிடும். படுக்கைக்குள் நுழையும்போது அது 95 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும்.

அளவுக் கணக்கு எளிது. மணிக்கு 1,800 கன மீட்டர் காற்று என்றால் நொடிக்கு அரை கன மீட்டர். அது படுக்கையில் 45 நொடி தங்க வேண்டுமென்றால் 22.5 கன மீட்டர் கொள்ளளவு வேண்டும். ஒரு மீட்டர் உயரம் வைத்தால் 5 மீட்டருக்கு 4.5 மீட்டர் இடம். இடம் மிச்சமாகுமே என்று உயரத்தைக் கூட்டாதீர்கள். ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் தன் பாரத்திலேயே அமுங்கிவிடும்.

அடியில் ஓட்டை போட்ட பைப்புகள், சுற்றி ஜல்லி, மேலே வலை, அதன்மேல் மரச்சிப்பு. சிப்பு கொரகொரப்பாக, விரல் நீளத்துக்கு இருந்தால் நல்லது. நாலில் ஒரு பங்கு மக்கிய உரம் கலக்கலாம். தூளைச் சலித்து எறியுங்கள். அதுதான் பின்னால் காற்றை அடைக்கும். கசிவுநீர் வெளியேற வடிகுழாய் வேண்டும்; அதில் எப்போதும் நீர் தேங்கி நிற்கும் வளைவும் வேண்டும். இல்லாவிட்டால் நாற்றக் காற்று அந்த வழியாகத் தப்பிவிடும்.

பாக்டீரியாவைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. உரத்திலேயே இருக்கிறது, அவசரமென்றால் சுத்திகரிப்புத் தொட்டியின் சேற்றுக் கலவையை நாலு வாளி ஊற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் நாற்றம் குறையாமல் போகலாம், பதறாதீர்கள்.

வாராவாரம் நான் செய்வது இது. படுக்கையின் அடிப்பக்கச் சுவரில் வைத்திருக்கும் கதவைத் திறந்து ஒரு பிடி எடுத்து அழுத்துவேன். கை நனைந்து, ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் சரி. ஒழுகினால் தண்ணீர் அதிகம். காற்று புகாத இடம் உண்டாகிப் புது நாற்றமே கிளம்பும். ஈரமான புறங்கையைப் படுக்கையின் மேல் நகர்த்திப் பார்ப்பேன். ஓரிடத்தில் மட்டும் காற்று சில்லென்று பட்டால் அங்கே பிளவு ஓடியிருக்கிறது. கிளறிச் சமப்படுத்த வேண்டும். படுக்கைக்குக் கீழே உள்ள காற்றழுத்தத்தைக் காட்டும் யு வடிவக் குழாயில் தண்ணீர் மட்டம் தெரியும், அதைக் குறித்துவைப்பேன். மட்ட வித்தியாசம் வாராவாரம் ஏறினால் படுக்கை அடைகிறது. கசிவுநீரில் அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாளை நனைத்துப் பார்ப்பேன். சல்பைடு அதிகமானால் அமிலம் சேர்ந்து மரம் சீக்கிரம் சிதையும். தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசிவிடுவேன்.

மூக்கை மட்டும் நம்பி அருகே போகாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவை எட்டினால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும், ஆபத்து அப்படியே இருக்கும். வாயுமானி இல்லாமல் அடிப்பக்கக் கதவருகே தலை நீட்டுவதில்லை.

சிப்பு மூன்றிலிருந்து ஐந்து வருடம் தாங்கும். மாற்றும்போது பழையதில் ஐந்தில் ஒரு பங்கைப் புதியதோடு கலந்துவிடுகிறேன். குடியிருப்பவர்கள் கூடவே வந்துவிடுவார்கள்.