ஆண்கடலுக்கும் பெண்கடலுக்கும் ஒரே கணக்கு போடாதீர்கள்

தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனைக்குப் போகும் சாலையில் இடப்பக்கம் பாக் விரிகுடா, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் அமைதியான முதலாவதைப் பெண்கடல் என்றும் அலை மிகுந்த அடுத்ததை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். கடற்கரையை வகைப்படுத்தும் மென்பொருளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது; நாம்தான் சொல்லித் தர வேண்டும்.

இத்தகைய கருவிகள் பலவற்றுக்கும் அடிப்படை, 1984இல் கடற்கரை ஆய்வாளர்கள் ரைட், ஷார்ட் இருவரும் தந்த வகைப்பாடு. கரையில் உடையும் அலையின் உயரத்தை, மணல் நீரில் இறங்கும் வேகத்தையும் அலைக்காலத்தையும் (ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட நேரம்) பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். விடை 1க்குக் கீழே என்றால் அலையைத் திருப்பி அடிக்கும் சரிவான கரை. 6க்கு மேலே என்றால் அலையை அடக்கிவிடும் தட்டையான கரை. நடுவில் வருவது இடைப்பட்டது.

பெரும்பாலும் சறுக்குவது அலைத்தரவில்தான். ஈஆர்ஏ5 (ERA5) என்ற உலக வானிலை, அலைத் தரவில் அலைக்கான கட்டம் அரை டிகிரி, அதாவது சுமார் 55 கிலோமீட்டர். சாலையின் இரு பக்கமும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடலாம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 0.2 மில்லிமீட்டர் மணல் நொடிக்கு ஏறக்குறைய 0.025 மீட்டர் இறங்கும். பெண்கடலில் அலை 0.3 மீட்டர், காலம் 3 நொடி என்றால் விடை 4. ஆண்கடலில் 0.6 மீட்டர், 10 நொடி என்றால் 2.4. இரண்டும் இடைப்பட்டவை. ஆண்கடலின் உயரத்தையும் பெண்கடலின் காலத்தையும் கலந்துவிட்டால் 8 வரும், கரை 'தட்டை' ஆகிவிடும்! திரையில் பிழைச்செய்தி எதுவும் வராது.

அலகும் அப்படித்தான். 0.025க்குப் பதில் சென்டிமீட்டர் கணக்கில் 2.5 என்று கொடுத்தால், அந்த 4 சட்டென்று 0.04 ஆகிவிடும். ஆழ்கடல் அலை உயரத்தை அப்படியே போடுவதும் தவறு. கேட்பது உடையும் அலை.

அப்புறம் மணல். சாலையோரத்தில் காற்று கொண்டுவந்து குவித்த மேட்டிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளாதீர்கள், அது பொடி மணல். அலை ஏறி இறங்கும் ஈரச் சரிவில் எடுங்கள். சிப்பித் துண்டு நிறைய இருந்தால் இறங்கும் வேகத்தை அளந்தே பாருங்கள். தட்டையான சிப்பி மெதுவாக இறங்கும், குவார்ட்ஸ் மணலுக்கான சூத்திரம் அதற்குப் பொருந்தாது.

ஓதத்தை விட்டுவிடாதீர்கள். இங்கே ஓத வீச்சு, அதாவது கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம், ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் அலையும் சிறியது. ஓத வீச்சு அலை உயரத்தைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினால் வேறு வகைப்பாடு வேண்டும்.

ஒரே நாள் அளவை வைத்துக் கரைக்குப் பெயர் சூட்டுவதுதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் பெண்கடலே சீறும். ஜனவரிக்கும் ஜூலைக்கும் தனித்தனியாக ஓட்டி, இரண்டு விடைகளையும் வரைபடத்தில் போடுங்கள். பவளப்பாறை முன்னால் நின்று அலையை உடைக்கும் தீவுக் கரைகளுக்கு இந்தச் சூத்திரத்தை ஓட்டவே வேண்டாம், 'பாறை காக்கும் கரை' என்று தனியாகக் குறித்து வையுங்கள்.