மருந்து எச்சப் பரிசோதனைக்குப் பால் மாதிரி எடுக்கும் முறை

மடிநோய்க்கு வைத்தியம் பார்த்த மாட்டின் பாலை மறுபடி சொசைட்டியில் ஊற்றலாமா என்பதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். கிட் எவ்வளவு நல்லதானாலும் பாட்டிலில் வந்து சேர்ந்த பாலைப் பற்றித்தான் அது பேசும். கலக்காத பாலை, கழுவிய பழைய மருந்துக் குப்பியில் எடுத்து, வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்துக் கொண்டு வந்தால் கிடைக்கும் முடிவை நம்பி எதுவும் செய்ய முடியாது.

எவ்வளவு நுண்ணிய அளவைத் தேடுகிறோம் என்பது தெரிந்தால் கவனம் தானாக வரும். பென்சைல் பெனிசிலினுக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு ஒரு லிட்டர் பாலுக்கு 4 மைக்ரோகிராம். 40 லிட்டர் கேன் முழுவதற்கும் கணக்குப் போட்டால் 0.16 மில்லிகிராம்தான். 40 லட்சம் யூனிட் பெனிசிலின் குப்பியை 10 மி.லி. நீரில் கரைத்தால் ஒரு சொட்டிலேயே பல மில்லிகிராம் இருக்கும். ஆயிரம் லிட்டருக்கு மேற்பட்ட பாலை வரம்பு மீற வைக்க அந்த ஒரு சொட்டு போதும். அதனால் ஊசி போட்ட கையோடு, மடிக்குள் டியூப் ஏற்றிய கையோடு மாதிரி எடுக்கவே கூடாது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, புதுக் கையுறை மாட்டிக்கொள்ளுங்கள். வேறொருவர் எடுத்தால் இன்னும் நல்லது.

எப்போது எடுப்பது

மருந்து போட்ட பிறகு பாலை ஊற்றாமல் விலக்கி வைக்கும் காலம்தான் விலக்குக் காலம். அதைக் கடைசி டோஸ் போட்ட நேரத்திலிருந்து எண்ண வேண்டும். முதல் ஊசியிலிருந்து எண்ணுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. திங்கள் மாலை 6 மணிக்குக் கடைசி ஊசி, லேபிளில் 72 மணி நேரம் என்றால் வியாழன் மாலை 6 மணிக்குத்தான் காலம் முடிகிறது. வியாழன் மாலை 5 மணிக்குக் கறந்த பால் இன்னும் விலக்குக்குள்தான் இருக்கிறது; வெள்ளி காலைக் கறவையில் மாதிரி எடுங்கள். இரண்டு மருந்து போட்டிருந்தால் நீண்ட காலத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். லேபிளில் சொன்னதைவிட அதிக அளவோ அதிக நாளோ மருந்து கொடுத்திருந்தால் அந்தக் காலம் போதாது. எத்தனை நாள் கூட்டுவது என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். சரிபார்க்கப்பட்ட விலக்குக் காலம் இல்லாத மருந்துக்குப் பாலுக்குக் குறைந்தது 7 நாள் என்று இந்திய மருந்து விதிகள் 2012 முதல் சொல்கின்றன.

நோய் வந்த காம்பின் பாலை மட்டும் கொட்டிவிட்டு மற்ற மூன்றையும் ஊற்றுபவர்கள் உண்டு. ஒரு காம்பில் ஏற்றிய மருந்து ரத்தத்தில் கலந்து மற்ற மூன்றுக்கும் கொஞ்சமாவது போகும். ஆகவே விலக்கும் முழு மடிக்கு, மாதிரியும் முழு மடிக்கு. நான்கு காம்பையும் ஒரே வாளியில் கடைசி வரை கறந்து, அந்த மொத்தப் பாலிலிருந்துதான் எடுக்க வேண்டும். முதலில் பீய்ச்சும் இரண்டு மூன்று பீச்சுகளை வாளியில் விடாமல் தனியே விட்டுவிடுங்கள்.

எடுக்கும் விதம்

புதிய, மூடி திருகும் 50 அல்லது 100 மி.லி. பிளாஸ்டிக் பாட்டில் மூன்று (சோதனைக்கு ஒன்று, சாட்சிக்கு ஒன்று, குளிர் பார்க்க ஒன்று), நீளக் கைப்பிடி கொண்ட எவர்சில்வர் கரண்டி, அழியாத மார்க்கர், தெர்மாமீட்டர், ஐஸ் ஜெல் போட்ட தெர்மாகோல் பெட்டி: இவ்வளவு போதும். தண்ணீர் பாட்டில், டானிக் பாட்டில் எதையும் மறுபடி பயன்படுத்த வேண்டாம். கொழுப்புச் சோதனைக்காக ஃபார்மலினோ பொட்டாசியம் டைக்ரோமேட்டோ போட்டு வைத்த பாலும் உதவாது. பல பரிசோதனைகள் கிருமி வளர்கிறதா என்று பார்த்துத்தான் மருந்தைக் கண்டுபிடிக்கின்றன. பதப்படுத்தும் பொருள் கிருமியைக் கொன்று, மருந்தே இல்லாத பாலையும் பாசிட்டிவ் ஆக்கிவிடும். சோப்பு, பிளீச்சிங் பவுடர், காம்பு நனைக்கும் அயோடின் ஆகியவற்றின் மிச்சமும் அப்படியே ஏமாற்றக்கூடும். கரண்டியை நல்ல தண்ணீரில் அலசி முழுக்கக் காயவைத்திருக்க வேண்டும்.

அடுத்தது கலக்குவது. எருமைப்பாலில் கொஞ்ச நேரத்திலேயே ஆடை மேலே ஏறிவிடும்; மேலே மொண்டால் கொழுப்புதான் அதிகம் வரும், சோதனைக்குப் பாலை உறிஞ்சும் பைப்பெட் குழாயும் அடைத்துக்கொள்ளும். வாளிப்பாலைக் கரண்டியால் அடியிலிருந்து மேலே பத்துப் பன்னிரண்டு தடவை தூக்கிவிட்டுக் கலக்குங்கள், நுரை கிளம்பாமல். கேனுக்குத் துளையிட்ட தட்டுள்ள கலக்கி வேண்டும். அதை அடிவரை இறக்கி ஏற்ற வேண்டும். குளிர்விப்புத் தொட்டியில் கலக்கியை ஐந்து நிமிடமாவது ஓடவிட்ட பிறகே எடுக்கலாம். பெரிய தொட்டிக்குப் பத்து நிமிடம்.

கலக்கியதும் தாமதிக்காமல் கரண்டியை அதே பாலில் இரண்டு முறை முக்கி எடுத்து, மூன்றாம் முறை நடு ஆழத்திலிருந்து மொள்ளுங்கள். பாட்டிலை வாளிக்கு மேலே பிடிக்காமல் பக்கத்தில் பிடித்து ஊற்றுங்கள். மூடியின் உட்புறத்தை விரலால் தொடாதீர்கள், தரையில் வைக்காதீர்கள். முக்கால் பாட்டில் நிரம்பினால் போதும். கழுத்து வரை நிரப்பினால் ஆய்வுக்கூடத்தில் குலுக்கிக் கலக்க இடமிருக்காது.

மாட்டின் காதுத்தோட்டு எண் (12 இலக்கமும்), தேதி, கறவை வேளை, மருந்தின் பெயர், கடைசி டோஸ் நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் பாட்டிலின் உடம்பில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறும்போது மாடும் மாறிவிடும்.

குளிரும் நேரமும்

பெனிசிலின் வகை மருந்துகள் அறை வெப்பத்தில் மெல்லச் சிதையும். பால் புளித்தால் இன்னும் வேகமாக. அப்போது மருந்து இருந்த பாலே நெகட்டிவ் காட்டலாம், அதுதான் ஆபத்தானது. எடுத்த உடனே பாட்டிலை ஐஸுக்குள் செருகி 4 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். பாட்டிலில் பால் நிற்கும் உயரத்துக்காவது ஐஸ் இருக்கட்டும். ஆனால் உருகிய நீர் மூடியை எட்டக் கூடாது. மூன்றாவது பாட்டிலிலும் பால் ஊற்றிப் பெட்டியில் வைத்து, போய்ச் சேர்ந்ததும் அதில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். மாதிரி பாட்டிலைத் திறக்க வேண்டியிருக்காது. ஃப்ரீசரில் உறைய வைக்க வேண்டாம். அன்றைக்கே சோதிப்பது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரண்டாவது பாட்டிலைத் திறக்காமல் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், முடிவில் சர்ச்சை வந்தால் அதுவே சாட்சி.

சொசைட்டியில் ஒவ்வொருவர் மாதிரியையும் பொதுக் கேனில் கொட்டுவதற்கு முன்பே எடுத்து, டேங்கர் பாலின் பரிசோதனை முடிவு வரும்வரை வைத்திருக்க வேண்டும். கொட்டிய பிறகு யாருடைய பால் என்று பிரிக்க வழியில்லை, மொத்தப் பாலும் வீணாகும்.

மருந்தே போடாத மாடு பாசிட்டிவ் காட்டினால் முதலில் கன்று ஈன்று எத்தனை நாள் என்று பாருங்கள். சீம்பாலிலும் கடும் மடிநோய்ப் பாலிலும் கிருமியைத் தடுக்கும் இயற்கைப் பொருள்கள் இருக்கின்றன. வைத்தியம் பார்த்த மாட்டைக் கறந்த வாளியிலேயே இதையும் கறந்தார்களா என்பது அடுத்த கேள்வி. அந்த மாட்டைக் கடைசியில், தனி வாளியில் கறக்க வேண்டும்.

நெகட்டிவ் வந்தால் கிட் எந்த மருந்துக்கானது என்று படியுங்கள். பெனிசிலின் வகைக்கான பட்டை, ஆக்ஸிடெட்ராசைக்ளினையோ என்ரோஃப்ளாக்சசினையோ காட்டாது. போட்ட மருந்தை ஆய்வுக்கூடத்துக்குச் சொல்லியே மாதிரியை அனுப்புங்கள். பாசிட்டிவான பாலைக் காய்ச்சி வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து பெரும்பாலும் அப்படியே இருக்கும்.